படகுக்கு ஒரு பனிக்கால வீடு

போன சனிக்கிழமை பிற்பகல், எங்கள் படகின் வயிற்றை முதல் தடவையாகப் பார்த்தேன்.

சக்கரம் பூட்டிய நீலநிறத் தூக்கி ஒன்று – இரண்டு மாடி உயரம் இருக்கும் – அகலமான இரண்டு பட்டிகளைத் தண்ணீருக்குள் இறக்கிப் படகை அப்படியே அள்ளி எடுத்தது. நான்கு தொன் எடை அந்தரத்தில் தொங்குகிறது. கீழே நானும் மச்சாள் சுகந்தியும் அண்ணாந்து நிற்கிறோம். படகையே பார்த்துக்கொண்டு நின்றதில், எடுத்த வீடியோ முழுக்க வானம்தான்.

அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு இருக்கிறதே...

சுகந்தி என் கணவரின் தங்கை. டயாலிசிஸ் நேர்ஸ். விட்பியிலிருந்து ரொறொன்ரோவுக்குப் பதினெட்டு வருடமாக ரயிலில் வேலைக்குப் போகிறவர். வழியில் ஓரிடத்தில் தண்டவாளம் ஏரிக்கரையை ஒட்டி ஓடும். நான்கைந்து நிமிடம்தான். அந்த நேரம் மட்டும் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே பார்ப்பாராம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் என்னைக் கேட்டார்: “மச்சாள், எத்தினை வருஷத்துக்கு உந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே போறது? ஒருக்கா இறங்கிப் போனால் என்ன?”

இறங்கினோம். பாய்மரப் படகு ஓட்டும் வகுப்பில் சேர்ந்தோம். இந்த மே மாதம் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு இருபத்தேழு அடிப் படகொன்றை வாங்கியும்விட்டோம். நாற்பது வயதுப் படகு. சொந்தபந்தங்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “மீன் பிடிக்கவோ?”

வருகிற ஜூலையில் ஏரியைக் குறுக்கே கடந்து அடுத்த கரைக்குப் போவது என்பது எங்கள் திட்டம். நடுவில் நின்று பார்த்தால் இரண்டு கரையும் தெரியாத தண்ணீர். நினைத்தால் பயமா, சந்தோஷமா என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

ஆனால் அதற்கு முன் பனிக்காலம் இருக்கிறது. இங்கே ஒக்டோபர் முடிவதற்குள் படகைக் கரையேற்றிவிட வேண்டும். எங்கே ஏற்றுவது? எங்களுக்குக் கூடுதலாக ஒரு கவலையும் இருந்தது. பாய்மரத்தின் அடியில் மேல்தளம் மெத்துமெத்தென்று ஆகிவிட்டது. மிதித்தால் பாண் ரொட்டியில் கால் வைத்ததுபோல அமுங்கும். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அது உறைந்தால் தளம் பிளக்கும். ஆகவே நிறுத்தி வைக்க மட்டும் ஓர் இடம் போதாது – திருத்தவும் தெரிந்த படகு யார்ட் வேண்டும்.

தேடத் தொடங்கினோம்.

முதலில் பார்த்தது நகரத்துக்குப் பக்கத்தில். கண்ணாடிக் கதவு, கோப்பி மெஷின், தோல் சோஃபா. மனேஜர் எதற்கும் “நோ ப்ராப்ளம்” என்றார். மேல்தளம்? நோ ப்ராப்ளம். ஜூலைக்குள் முடியுமா? நோ ப்ராப்ளம். ஒரே ஒரு நிபந்தனை – படகின் உரிமையாளர்கள் யார்ட்டுக்குள் வந்து படகில் கை வைக்கக் கூடாது. வசந்தகாலத்தில் வந்து படகுப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டால் போதும்.

சுகந்திக்கு அந்த இடம் நன்றாகப் பிடித்துவிட்டது. “மச்சாள், எனக்கு ஷிஃப்ட் வேலை. குடுத்திட்டு நிம்மதியா இருப்பம்.”

“அவர் படகை வந்து பார்க்கவே இல்லையே?” என்றேன்.

“பார்க்காமலே விளங்குது எண்டால் அனுபவம் தானே?”

எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவதாக ஓர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். களஞ்சியம் ஒன்றின் பின்னால் ஒரு பெரிய புல்வெளி. வரிசையாகப் படகுகள். அங்கே இருந்த மனிதர் நல்லவர், எத்தனை வருடம் வேண்டுமானாலும் விடலாம் என்றார். உண்மைதான் – ஒரு படகைத் தாங்கியிருந்த ட்ரெயிலரின் நடுவால் ஒரு மேப்பிள் மரம் முளைத்து, என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. சுகந்தி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இந்தப் படகின்ர ஆக்களும் அடுத்த வருஷம் எண்டுதான் விட்டிருப்பினம்,” என்றார்.

சுகந்தி கார் ஓட்ட, நான் ஃபோனில் அடுத்த யார்ட்டைத் தேடினேன்.

மூன்றாவது இடம் விட்பியையும் தாண்டி இன்னும் நாற்பது நிமிடம், ஓர் ஆறு ஏரியோடு சேருகிற வாயில். போகவே விருப்பமில்லாமல் வந்தார் சுகந்தி. கண்ணாடிக் கதவு கிடையாது. எண்ணெய் அப்பிய நாற்காலி இரண்டு. யார்ட்டை நடத்துகிறவர் ஹெலன், நாற்பது வயதிருக்கும், காதில் பென்சில் செருகியிருந்தார். நான் மேல்தளத்தின் படத்தை ஃபோனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“படத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். படகைக் கொண்டு வாருங்கள். தூக்கி, கீழே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.” பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, “இதில் எங்கே போக நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

அதுவரைக்கும் யாரும் எங்களைக் கேட்காத கேள்வி அது. சுகந்தி நிமிர்ந்தார். ரயில் யன்னல், வகுப்பு, அடுத்த கரை – எல்லாவற்றையும் சொன்னார். ஹெலன் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்படியென்றால் கட்டாயம் கீழே பார்க்க வேண்டும்.”

கார் கதவைச் சாத்தியதும் சுகந்தி கேட்டார்: “பனிக்குள்ள இவ்வளவு தூரம் ஆர் கார் ஓடுறது?”

“வேண்டாம் எண்டு சொல்லுறீரோ?”

“நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? ஆர் ஓடுறது எண்டுதான் கேட்டனான்.”

அந்த இடம்தான் என்று முடிவாயிற்று.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வருடத்தின் மிக நல்ல நாள். படகை அங்கே எப்படிக் கொண்டுபோவது? லொறியிலா? இல்லை. ஏரி இருக்கிறதே.

போன சனிக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். ஸ்கீ ஜாக்கெட், இரண்டு சோடி கையுறை, ஃபிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, டப்பாவில் இடியப்பக் கொத்து. மேற்கிலிருந்து நல்ல காற்று – முதுகுப் பக்கம். பெரிய பாயை விரித்ததும் படகு ஒரு தடவை குலுங்கிப் பாய்ந்தது. இடது பக்கம் கரையோர மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக ஓடின. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. தண்ணீர், அதன்மேல் வானம். அவ்வளவுதான். ஏழு மணி நேரம் சுகந்தி சுக்கான் பிடியை என்னிடம் தரவேயில்லை.

“கை விறைக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“விறைக்குது,” என்றார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் அந்த நீலத் தூக்கி.

படகு வெளியே வந்து தண்ணீர் வழிந்து முடிந்தது. ஹெலன் அடியில் புகுந்து விரலால் தடவினார், சின்னச் சுத்தியலால் தட்டினார். டக், டக், டக். பின்னால், படகைத் திருப்பும் சுக்கான் பலகைக்கு வந்ததும் சத்தம் மாறியது. தொப். இன்னும் ஒரு தரம். தொப். சுக்கானின் அடியில் ட்ரில்லால் சிறிய துளை ஒன்று போட்டார். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... நிற்கவே இல்லை. ஒரு வாளி நிறைந்தது.

“இது உள்ளேயே உறைந்திருந்தால் சுக்கான் பிளந்திருக்கும்,” என்றார் ஹெலன். “வெளியே தெரியாமலும் இருந்திருக்கும்.”

அதாவது, நடு ஏரியில் தெரிந்திருக்கும். நான் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்குகிற அவசரத்தில் படகைத் தூக்கிப் பார்க்காமல் விட்டவர்கள் நாங்கள்தான். சுகந்தியின் முகத்தில் காலையிலிருந்த சிரிப்பு இல்லை.

“அப்போ... ஜூலை?” என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

ஹெலன் பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் எழுதினார். சுக்கானைக் கழற்றித் திறந்து காயவிட வேண்டும். மேல்தளத்தில் நனைந்த பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குப் படகை ஜனவரியில் சூடான கொட்டகைக்குள் ஏற்றலாம். ஆனால் தன்னிடம் ஆட்கள் குறைவு. மணற்தாளால் தேய்க்கிற வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டால், சனிக்கிழமை தவறாமல் வந்தால், ஜூன் முடிவில் தண்ணீரில் இறக்கித் தருவார்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். ஷிஃப்ட் வேலை, தூரம், பனி – எதைச் சொன்னாலும் நியாயம்தான்.

அவர் ஃபோனை எடுத்தார். “நில்லும் மச்சாள், சனிக்கிழமை ஷிஃப்ட்டை ஆருக்காவது மாத்தக் கேக்கிறன்.” அந்த இடத்திலேயே மூன்று பேருக்கு மெசேஜ் போட்டார். ஒருவர் உடனே ஓம் என்றார்.

படகுக்கு யார்ட் தேடியவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். கெட்ட செய்தியை நேரே சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அதை எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்கிற ஓர் இடம் அமைந்தால், எவ்வளவு தூரமென்றாலும் ஓடலாம்.

பனிக்காலத்தில் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர யோசித்திருப்பவர்கள் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் – நாங்கள் படகுக்கு அடியில் இருப்போம்.