தமியோ கேட்கக் காத்திருந்த சொல்

ஒசாகாவில் பொதுக் குளியல் கூடம் நடத்தியவரின் மகள் ஹொசாகா தமியோ. குளித்துவிட்டுச் சிவந்த முதுகோடு பெஞ்சில் உட்கார்ந்து ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் ஆண்களை, காசு வாங்கும் மேடையிலிருந்து பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றாள். தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்கும் பயிற்சி மன்றத்தில் பதினாலு வயதில் சேர்ந்தாள். அங்கே முப்பது பையன்கள். பெண் இவள் ஒருத்திதான்.

ஷோகியில் ராஜாவைப் பிடிக்கும்வரை ஆடுவதில்லை. தோற்கிறவர் தலைகுனிந்து, வாய்திறந்து, "தோத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்தால்தான் ஆட்டம் முடியும். மன்றத்துப் பையன்களோ தங்களுக்குள் இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள்: தமியோவிடம் தோற்றவன் மொட்டையடித்துக்கொள்ள வேண்டும். முடிமேல் அந்த வீரர்களுக்கு அவ்வளவு பிரியம். நிலைமை மோசமானதும் ஒருவனுக்குத் தலைவலி வரும். இன்னொருவனின் கை தவறிப் பட்டு, காய்களெல்லாம் தரையில் சிதறும்.

அவர்களில் கெட்டிக்காரன் ஒகிடா. ஒரு மழைக்கால மதியம் அவனுடைய ராஜாவைத் தமியோ வசமாக மடக்கிவிட்டாள். அவன் பலகையையே வெகுநேரம் பார்த்தான்.

"வயிறு சரியில்ல. இதோ வந்துடறேன்" என்று எழுந்து போனான்.

விளக்கேற்றும்வரை அவள் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். "அவன் வீட்டுக்குப் போயி சாப்பிட்டுத் தூங்கியே இருப்பான். நீ எழுந்து டீ போடு, தமியோ" என்று ஒருவன் சிரித்தான். அவள் எழவில்லை. எழுந்தால் அந்த ஆட்டம் நடக்கவே இல்லை என்றாகிவிடும் என்று பயந்தாள்.

தொழில்முறைக்குத் தேறாமலே வயது வரம்பு வந்துவிட, தமியோ மன்றத்தை விட்டு வெளியே வந்தாள். ஒகிடா தேறி, படிப்படியாக உயர்ந்து, எட்டாம் நிலை ஆட்டக்காரனானான். அவள் கம்பெனிகளில் ஆட்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். அங்கேயும் அதே கதைதான். தோற்கும் வேளையில் இயக்குநர்களுக்கு அவசரமாகத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். பிறகு பெண்களுக்கென்று தொழில்முறைப் பிரிவு தொடங்கினார்கள். பதிவேட்டில் முதல் பெயர் அவளுடையது. மூன்று முறை பட்டம் வென்றாள். எதிரே உட்கார்ந்த பெண்கள் ஒழுங்காகத் தலைவணங்கிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். அதில் அவளுக்கு நிறைவுதான். ஆனாலும் செய்தித்தாளில் ஒகிடாவின் ஆட்டம் வந்தால், அதே காய்களைத் தன் பலகையில் அடுக்கி, அவனுடைய எதிராளியின் பக்கம் நின்று தனியாக ஆடிப் பார்ப்பாள். இதைக் காதல் என்று சொன்னவர்கள் உண்டு. ஆட்டம் தெரியாதவர்கள். அவள் ஏங்கியது அவன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு சொல்லுக்கு.

நாற்பத்தைந்தாம் வயதில் வாய்ப்பு வந்தது. ஒரு பல்பொருள் அங்காடியின் ஏழாம் மாடியில், தற்காலிகமாகப் பாய் விரித்த மேடையில், இருவருக்கும் காட்சி ஆட்டம். சம பலத்தில், சலுகை எதுவுமில்லாமல். வெளியூர்களிலிருந்தெல்லாம் பெண்கள் பார்க்க வந்திருந்தார்கள்.

மாலை நாலரை மணிக்கு ஒகிடா சட்டென்று நிமிர்ந்தான். கேமராக்களைப் பார்த்துச் சிரித்தான்.

"தோத்துட்டேன்! தமியோ அம்மாகிட்ட தோத்தது எனக்குப் பெருமை."

கைதட்டல் அடங்கவே இல்லை. நிருபர்கள் செய்தி கொடுக்க ஓடினார்கள், கூட்டமும் மின்தூக்கிப் பக்கம் நகர்ந்தது. தமியோ மட்டும் பலகையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. அவன் கணக்குப்படி அவனுக்குத் தப்பிக்க இன்னும் ஒரு வழி இருந்தது. அது தெரிந்தேதான் விட்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

ஆட்டம் முடிந்தபின் இருவரும் உட்கார்ந்து காய்களைத் திரும்ப வைத்து அலசுவது வழக்கம். ஒகிடாவோ கிளம்புவதற்காகத் தன் மேல்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

"உக்காரு, ஒகிடா."

"இப்பவேவா? அங்க சாப்பாட்டுக்குக் காத்திருக்காங்க."

"ஏன் விட்ட?"

"உனக்கு நல்ல நாளா இருக்கட்டுமேன்னுதான். இத்தனை பொம்பளைங்க வந்திருக்காங்க... இதுல என்ன குத்தம்?"

"பிச்சை போட்டியா?"

"சரி, பாரு." நின்றபடியே தன் ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தினான். "இப்படிப் போயிருந்தா உன்னால பிடிக்க முடியுமா? அடுத்த நகர்த்தல்ல உன் ராஜா காலி."

ஷோகியில் எதிராளியிடம் பிடித்த காயைத் தன் காயாக மறுபடி இறக்கலாம்; தமியோ தான் பிடித்து வைத்திருந்த குதிரையை எடுத்துப் பலகையில் இறக்கினாள். யாரும் எதிர்பார்க்காத கட்டம்.

"அட, அதை வெட்டிடுவேனே" என்று சிரித்தவன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான். பிறகு உட்கார்ந்தான், கோட்டை மடியில் போட்டுக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் அது நழுவி விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கடை மூடப்போவதாக ஒலிபெருக்கி சொன்னது. பணியாட்கள் நாற்காலிகளை மடக்கினார்கள். வெட்டினாலும் மாட்டுவான், ஓடினாலும் மாட்டுவான். அவன் காதுகள் மெல்லச் சிவப்பதைத் தமியோ பார்த்தாள்.

"இதை எப்பப் பாத்த?"

"நீ சிரிக்கறதுக்கு முன்னாடியே."

அவன் நேராக உட்கார்ந்து, தலை குனிந்தான்.

"தோத்துட்டேன்." குரல் எழும்பவே இல்லை. சுற்றிலும் கேட்பதற்கு ஒரு நிருபர்கூட இல்லை.

"காதுல விழல" என்றாள் தமியோ.

"தோத்துட்டேன், தமியோ."

அவளுக்குக் கண் நிறைந்து பலகை மங்கிவிட்டது. "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. இரு கைகளையும் பாயில் ஊன்றி, மறுபடியும் சொன்னான்.