படலையிலிருந்து ரொறன்ரோ வரை

திருகோணமலைக் கடைத்தெருவில் விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணால் கணினித் திரையை முறைத்துப் பார்ப்பார். யாருடைய பயணத்தையும் அவர் விமான நிலையத்திலிருந்து கணக்கிட்டதில்லை. வீட்டுப் படலைக் கதவிலிருந்துதான் தொடங்குவார்.

ரொறன்ரோவில் என் தங்கைக்குச் சனிக்கிழமை காலை கலியாணம். அப்பா இல்லாததால், அவளைக் கைபிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டியவன் நான். வெள்ளி அதிகாலை நான்குக்குப் புறப்படும் விமானம், அன்றே மாலை நான்குக்குப் போய்ச் சேரும் என்று திரையில் கண்டேன்.

“பன்னிரண்டு மணித்தியாலம்தானே, வெள்ளியே போடுங்கோ அண்ணை,” என்றேன், கணக்கில் புலி மாதிரி.

“அங்கத்தைய நேரம் ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி, தம்பி. அதையும் சேர்த்தால் இருபத்தொன்றரை. உங்கட உப்புவெளி வீட்டில இருந்து வான் வண்டியில ஏழு. விமான நிலையத்தில நாலு. அங்க இறங்கி வீடு போக இரண்டரை. முப்பத்தஞ்சு. வியாழன் பிளேனில போங்கோ.”

“நான் கேட்டது பிளேன் நேரம். என்ர படலையை ஏன் இழுக்கிறியள்? நீங்கள் எத்தினை தரம் பறந்தனீங்கள்?”

“நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே போனதில்லை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெள்ளி வெளிக்கிட்டாலும் கலியாணத்துக்கு நிப்பன்.”

“ஓம், நிப்பியள். ஆனா நித்திரை தூங்கி விழுவியள். தங்கச்சியை நீங்கள் கூட்டிக்கொண்டு போகவேணும். அவள் உங்களைத் தாங்கிக்கொண்டு போக ஏலாது.”

வியாழன் சீட்டோடு வெளியே வந்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சண்டை பிடிக்க ஒரு சாட்டுக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை.