துக்க வீட்டில் சொன்ன ஏகத்வம்

தரணேந்திரன் பொம்மசந்திராவில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். போல்ட், பேரிங், டிரில் பிட் என்று கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வருவதை வாங்கி வைப்பதும் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்தாறு. சந்தாபுராவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். ஊரில் அவர்களை நயினார் என்பார்கள். பெங்களூரில் அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. இங்கே ஜைனர் என்றால் மார்வாடி, மார்வாடி என்றால் சேட்டு. ஆகவே தொழிற்சாலையில் அவர் பெயர் சேட்டு.

"சேட்டே, கடை எங்க? நகைக்கடையா, பாத்திரக்கடையா?" என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

கோயிலில் வேறு மாதிரி. அங்கே வருகிறவர்கள் கன்னடமோ இந்தியோ பேசுகிறவர்கள். தமிழ் பேசும் ஜைனரா என்று மரியாதையாக வியப்பார்கள். வியப்பு தீர்ந்ததும் தங்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவருக்கு இருந்த ஒரே நண்பர் கோவிந்தன். கோலார் தங்கவயல்காரர். சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்து, ஜோகுபாளையத்தில் வீடு பிடித்து, இதே தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் சேர்ந்தவர். இருவருக்கும் மதிய ஷிப்ட். கேண்டீனில் சாப்பாடு எட்டு மணிக்குத்தான். தரணேந்திரனோ பொழுது சாய்ந்தபின் எதையும் வாயில் வைக்கமாட்டார். இருட்டில் உண்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் சோற்றோடு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் லோடிங் மேடை ஓரமாகத் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பதைச் சில நாள் பார்த்த கோவிந்தன், ஒருநாள் டீ இடைவேளையில் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு எட்டு மணிக்குப் பசிக்கும். இருந்தாலும் நீ இப்படி அநாதை மாதிரி துன்னுறத பாக்க முடியலப்பா."

அதன்பின் பதினோரு வருடம் அவர்கள் பொழுதோடு சேர்ந்தே சாப்பிட்டார்கள். அந்த வேளையில்தான் தரணேந்திரன் தான் படித்ததைப் பற்றிப் பேசுவார். வினை உயிருக்குள் வந்து சேரும் வழி ஊற்று. அதை அடைப்பது செறிப்பு. சேர்ந்த வினை கழிவது உதிர்ப்பு. முழுதும் கழிந்தால் வீடுபேறு. கோவிந்தன் மென்றுகொண்டே கேட்பார். "அடைப்பு எடுக்கற வேலைய வுட உன் வேலை கஷ்டமா கீதுப்பா" என்பார். நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இப்படிக் கேட்கிற ஒருவர் கிடைப்பதே அரிது.

சென்ற ஜூனில் கோவிந்தனின் மனைவி தனலக்ஷ்மி திடீரென்று இறந்துபோனாள். தொழிற்சாலையிலிருந்து சிலர் போனார்கள். கோவிந்தன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். தரணேந்திரன் அருகில் அமர்ந்து தோளில் கைவைத்தார்.

"அழாதே கோவிந்தா. உயிர் தனியாத்தான் வந்தது, தனியாத்தான் போகுது. அதுக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. தனலக்ஷ்மி உன்னுடையவளும் இல்ல, நீ அவளுடையவனும் இல்ல. இப்படி அழுதா உனக்குத்தான் வினை சேரும்."

அழுகை நின்றது. கோவிந்தனின் தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "யாருய்யா இந்த ஆளு? எழவு வூட்ல வந்து பொண்டாட்டி உன்னுது இல்லன்றான்!"

"நீ போப்பா," என்றார் கோவிந்தன்.

தரணேந்திரன் சொன்னதற்கு ஏகத்வம் என்று பெயர். சமணர்கள் மனத்தில் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டிய பன்னிரண்டு சிந்தனைகளில் ஒன்று. உயிர் தனித்தது என்பது அதன் சாரம். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மனைவி சுபத்திரை இறந்தபோது ஊர்ப் பெரியவர்கள் வந்து பன்னிரண்டையும் வாசித்தார்கள். அவர் தலைகுனிந்து கேட்டார். அழவில்லை. திடமான மனிதர் என்று ஊர் மெச்சியது. தனக்கு அன்று கிடைத்ததையே அவர் நண்பருக்கும் கொடுக்கப் போனார். ஆனால் அச்சிந்தனைகள், ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதற்காக உண்டானவை. 'நான் தனி' என்பது ஒரு பயிற்சி. 'நீ தனி' என்று அடுத்தவரிடம் சொன்னால் அது தண்டனைபோல் ஆகிவிடுகிறது. இந்த வித்தியாசம் அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

கோவிந்தன் காரியமெல்லாம் முடித்து வேலைக்குத் திரும்பினார். டீ இடைவேளையில் தரணேந்திரன் மேடையோரம் காத்திருந்தார். கோவிந்தன் வரவில்லை. எட்டு மணிக்கு மற்றவர்களோடு கேண்டீனுக்குப் போனார். மறுநாளும் அப்படியே. ஸ்டோருக்குச் சாமான் வாங்க வேறு ஆளை அனுப்பினார். ஜூலை போய், ஆகஸ்டும் போனது. தரணேந்திரனுக்குச் சாப்பாடு பாதியில் போதும் என்றாகிவிட்டது. பேசுவதற்கு ஆள் இல்லாததால் படிப்பதும் குறைந்தது.

செப்டம்பரில் தசலட்சணப் பத்து நாள் நோன்பு முடிந்து, மன்னிப்பு கேட்கும் நாள் வந்தது. கோயிலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்கள். முன்பின் அறியாதவர்கள் அவரிடம் கன்னடத்தில் மன்னிப்பு கேட்டார்கள். அவரும் கேட்டார். ஒருவருக்கொருவர் தீங்கு செய்துகொள்ளும் அளவுக்குக்கூட அவர்கள் பழகியதில்லை. வெளியே வந்து, தன் கைப்பேசியிலிருந்து கோவிந்தனுக்கு அதே மன்னிப்பு வாசகத்தை அனுப்பினார். பார்த்துவிட்டதற்கான நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஜோகுபாளையத்துக்குப் பஸ் ஏறினார்.

கோவிந்தன்தான் கதவைத் திறந்தார். முகம் இளைத்திருந்தது. உட்காரச் சொன்னார். உள்ளே போய் டீ கொண்டுவந்து வைத்தார்.

"இன்னும் வெளிச்சம் கீது. குடி."

தரணேந்திரன் குடித்துவிட்டுக் கைகூப்பினார். "எல்லா உயிரையும் நான் மன்னிக்கிறேன். எல்லா உயிரும் என்னை மன்னிக்கட்டும்."

"எல்லா உயிருமா? கொசு, கரப்பான் எல்லாத்தோட சேத்து என்னையுமா? எனக்குப் பேரு இல்லையா?"

தரணேந்திரன் கையை இறக்கினார். "கோவிந்தா, தனலக்ஷ்மி உன்னுடையவ இல்லன்னு சொன்னேன். அதுக்கு மன்னிச்சிடு," என்றார்.

"அது பொய்ன்றியா இப்ப?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அவரால் முடியவில்லை.

"பொய் இல்ல. ஆனா அன்னைக்கு உன்கிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது."

கோவிந்தன் அவரை உற்றுப் பார்த்தார். "மன்னிப்பு கேக்க வந்தும் வுட மாட்டேன்ற பாரு! சேட்டு சேட்டுதான்யா நீ." சிரிப்புபோல ஒன்று வந்து போனது. பிறகு கேட்டார். "உன் சம்சாரம் போனப்ப நீ அழுதியா?"

"இல்ல."

"அவங்க எப்படி, இன்னா பேசுவாங்கன்னு யார்னா உன்கிட்ட கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. பன்னெண்டு சிந்தனையும் படிச்சாங்க. சாப்பிட்டுப் போனாங்க."

"பதினோரு வருஷம் பக்கத்துல குந்தி துன்னுகீறேன். நானும் கேட்டதில்ல." கோவிந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்பக் கேக்கறேன். சொல்லு."

தரணேந்திரன் காலி டீ டம்ளரைக் கையில் எடுத்துச் சுற்றினார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"மழைக்காலத்துல விளக்குல பூச்சி வந்து விழும். செத்துடுமேன்னு சீக்கிரமே அணைச்சிடுவா. அப்புறம் இருட்டுல உக்காந்து பேசிட்டே இருப்பா. இப்ப அவ முகம் எனக்குச் சரியா வரமாட்டேங்குது கோவிந்தா. குரல்தான் வருது."

"இன்னா பேசுவாங்க? உன்ன மாதிரி ஊற்று, உதிர்ப்புன்னா?"

"சே, இல்ல. கோள்தான். யார் வீட்டு மருமக யாரோட பேசறதில்ல, யார் வீட்டுல என்ன குழம்பு... நான் தூங்கிடுவேன்."

"தூங்கிடுவியா! பாவம்யா அந்தம்மா." கோவிந்தன் இந்த முறை நிஜமாகவே சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளும் அப்படித்தான். ஓயாம பேசுவா," என்றார். தனலக்ஷ்மியைப் பற்றி ஏதேதோ சொன்னார். தரணேந்திரன் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டார்.

மன்னித்ததாகக் கோவிந்தன் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "நாளைக்கு ஷிப்டுல மீதியச் சொல்லு," என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் தரணேந்திரன் மீதி என்ன இருக்கிறது என்று தேடினார். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டும்வரை இரண்டாவதாக எதுவும் வரவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது. மேம்பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் ஒன்று வந்தது. கல்யாணமான புதிதில் அவளை முதல்முறையாகப் பெங்களூருக்கு அழைத்து வருகையில், ஜன்னலோர இருக்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கிருஷ்ணகிரிவரை அவள் அவரோடு பேசவே இல்லை.