முப்பத்திரண்டு சக்கரங்களுக்கும் பொட்டு

போன வாரம் கம்பெனி மருத்துவ முகாமில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், என் கையைப் பஞ்சால் துடைத்தார். ஸ்பிரிட் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு ஊசி ஞாபகம் வரும். எனக்கு ரயில் பெட்டி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

டிப்ளமோ முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை, பிள்ளைப்பாக்கத்தில் ஒரு தகர ஷெட்டில். ஊரே காரும் லாரியும் செய்துகொண்டிருக்க, நாங்கள் மட்டும் மேஜைமேல் ஓடும் மாதிரி ரயில் செய்தோம். கண்காட்சிகளுக்கும் பெரிய வரவேற்பறைகளுக்கும் போகும். பெட்டிக்குள் விளக்கு எரிய வைப்பது என் பாடு. கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறும். கூரைக்கு அடியில் ஒரு பொடி சுவிட்ச். காந்தம் ஒட்டிய குச்சியை மேலே ஒரு தரம் ஆட்டினால் விளக்கு எரியும், மறுதரம் ஆட்டினால் அணையும். ஏசி பெட்டிக்கு வெள்ளை, ஸ்லீப்பருக்கு மஞ்சள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ஸ்லீப்பரை எவ்வளவு மங்கலாக வைப்பது என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே படுத்திருந்ததெல்லாம் பிளாஸ்டிக் பொம்மைகள். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆறு மாதமாக நான் ட்ரெய்னி. நாலு பெட்டி ரயில் ஒன்றை முழுதாக என்னிடம் கொடுத்து, அதை வாங்கும் பார்ட்டிக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நின்றுகொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். நின்றால் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்க அப்பா தயாராக இருந்தார்.

பார்ட்டி வருவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். என் பெட்டிகளை மட்டும் விட மனசு வருமா? மூக்கருகே வைத்துக்கொண்டு, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தேன். சட்டைப் பொத்தான் அளவு சக்கரம்; பொட்டு விளிம்பையும் சேர்த்து மூடிக்கொண்டது. பார்க்க அவ்வளவு லட்சணம்.

மறுநாள் காலை குச்சியை ஆட்டினேன். கல்யாண மண்டபத்துப் பழைய டியூப்லைட் மாதிரி நாலு பெட்டியும் கண் சிமிட்டின. பார்ட்டி பக்கத்து வல்லம் வடகால் தாண்டிவிட்டதாக போன் வந்தது. சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாடி இது, சக்கரத்துக்கா பொட்டு வெச்சிகீற?”

“ஆமாக்கா.”

“எத்தினி சக்கரம்?”

“முப்பத்திரண்டு.”

“ஒண்ணு கூட வுடலயா?”

“இல்லக்கா.” அழுதுவிட்டேன்.

அக்கா ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தார். “அப்பால அழுவலாம். இப்ப தொட.” ஆளுக்குப் பதினாறு. கரண்ட்டை மறித்த காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, “இன்னும் இன்னா பண்ணிகினுகீறீங்க?” என்றார். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “பார்ட்டிக்குக் காட்டறப்ப சுத்தமா இருக்கணும் சார். நான்தான் தொடைக்கச் சொன்னேன்.”

பார்ட்டி வந்தார். குச்சியை அவரே வாங்கி ஒவ்வொரு கூரைமேலும் ஆட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ரயில் இரண்டு சுற்று ஓடியது. ஒரு விளக்கும் இமைக்கவில்லை. ஸ்லீப்பர் பெட்டியில் குனிந்து, “தூங்குற மாதிரியே இருக்கே” என்றார். நான் கிடைத்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. சாயங்காலமே வேலை உறுதி.

அந்த ஷெட் இப்போது இல்லை. இடித்துவிட்டு லாரிகள் நிறுத்துகிறார்கள். முதலாளி தொழிலை விட்டுவிட்டு மகளோடு வெளிநாடு போய்விட்டார். ஸ்டெல்லா அக்காவின் நம்பரும் மாறிவிட்டது. இந்தக் கதையை அங்கே வேலை செய்த ஐந்து வருடமும் நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. இப்போது தைரியமாகச் சொல்கிறேன். என்னை வீட்டுக்கு அனுப்பவும் ஆளில்லை, எனக்காகப் பொய் சொல்லவும் ஆளில்லை.