சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம் பெரியம்மா

செய்தி வருவதற்கு முன்பே சுவரில் சத்தம் கேட்டது. பனிமூட்டம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசல்வரை ஏறியிருந்த சாயங்காலம். பக்கத்து வீட்டிலிருந்து அலுமினிய டம்ளரால் தட்டும் சத்தம். வழக்கம்போல நானும் கரண்டியால் திருப்பித் தட்டினேன். பிறகுதான் பெரியம்மா டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. சற்று நேரத்தில் அம்மா தேயிலை மலையிலிருந்து ஓடி வந்து, "பெரியம்மா போயிருச்சுடி" என்றார்.

பாக்கியம் பெரியம்மாவை இந்த லயத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கும்போது அவர் சிரிப்பது அடுத்த மலைக்குக் கேட்கும். அவர் குடித்ததும் உங்களுக்குத் தெரியும். பெரியப்பா குடித்தே செத்தபோது "பாவம், உழைச்ச ஒடம்பு" என்றவர்கள்தான், பெரியம்மா கள்ளச் சாராயமான கசிப்பு வாங்கியதைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். அதற்கும் அவர் சிரித்தார். "ஆம்பள குடிச்சா அலுப்புக்கு. பொம்பள குடிச்சா திமிருக்காம்!"

தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அதனால் அவர் வீடு திரும்புவதைத் தினமும் பார்ப்பேன். ஒரு நாள் முழுக்க மழையில் நின்றும் எடுத்த கொழுந்து கிலோவில் குறைந்ததால் அரைப்பேர்தான் போட்டார்கள், பாதி நாள் சம்பளம். வந்து பார்த்தால் கூரை ஒழுகிப் பாயும் நனைந்திருந்தது. ஈரச் சேலையோடு உட்கார்ந்து போத்தலைத் திறந்தார். "தோள் வலி, அரைப்பேரு, ஒழுகுற தகரம். எல்லாத்தையும் வெளிய விட்டுட்டுக் கொஞ்ச நேரம் கதவ சாத்திக்கிறேன் புள்ள" என்றார்.

இருட்டுவதற்குள் அவரைக் காணவில்லை. தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தார். கண்ணிமையில் ஓர் அட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. நானும் அம்மாவும் தூக்கி வந்தோம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். யாரிடமும் பேசாததால் லயத்தில் எனக்கு ஊமைச்சி என்று பெயர். "நீ பேச வேணாம். எனக்குக் குடிக்கிற நெனப்பு வந்தா சுவரத் தட்டுவேன். நீ திருப்பித் தட்டு. அந்தப் பக்கம் ஆளு இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

அப்படியே தட்டினார். சில நாள் சோறு வேகும்வரை தட்டுவார். பிறகு இஞ்சி போட்டு, பால் இல்லாத பிளேன்டீ குடிப்பார். இடையில் தவறியதும் உண்டு. மறுநாள் மறுபடி தட்டுவார். ஆனால் ஈரல் முன்பே கெட்டுப் போயிருந்தது.

அவர் போன பிறகும் பூட்டிய வீட்டில் சத்தம் நிற்கவில்லை. நீங்களும் கேட்டீர்கள். தம்பி அழுகையை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்ப்பான்.

எட்டாம் நாள் படையலுக்கு, செத்தவருக்குப் பிடித்ததை வைத்துக் கதவைச் சாத்துவது நம் வழக்கம். கொழும்பிலிருந்து வந்த மகன் குமார் அண்ணன், இலையோரம் சாராயப் போத்தலை வைத்து மூடியைத் திருகித் திறந்தார்.

"அதத்தான் கேட்டுக் கேட்டுத் தட்டுறா. வைக்காட்டி அடங்க மாட்டா" என்றார் பழைய கங்காணித் தாத்தா.

அவர் விட நினைத்ததையே கடைசியாகக் கேட்டதாக ஆகிவிடுமே என்று நினைத்ததும் எனக்குக் குரல் வந்துவிட்டது.

"அது வேணாம்னுதான் தட்டுவாங்க."

"அடியாத்தி, ஊமைச்சி வாயத் தொறந்துட்டா!" என்று யாரோ சிரித்தார்கள். சுவர்த் தட்டலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். "பிளேன்டீ வைங்க. இஞ்சி போட்டு."

குமார் அண்ணன் மூடியைத் திரும்ப இறுக்கினார். போத்தலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவருடைய டம்ளரில் தேநீரை நடு இலையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். திறந்தபோது டம்ளர் எங்கள் வீட்டுப் பக்கச் சுவரோரம் இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

சாயங்காலம் மறுபடி சத்தம். தம்பி சுவரைப் பார்த்தான். ஆனால் அது பெரியம்மாவின் தட்டல் இல்லை. பழக்கமில்லாத கை, விட்டு விட்டுத் தட்டியது. அந்த வீட்டில் குமார் அண்ணன் தனியாக இருந்தார். அந்தப் போத்தலும் இருந்தது.

கரண்டியை எடுத்தேன். சோறு வேகும்வரை இருவரும் தட்டினோம்.

பெரியம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். சுவரில் சத்தம் கேட்டால், யார் என்று கேட்காமல் திருப்பித் தட்டுவேன். உங்களில் யாராக இருந்தாலும் தட்டுங்கள்.