மங்கல் விளக்கும் பளீர் விளக்கும்

1999, மாசிக் கடைசி. கோவில்பட்டியில் மாலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். கழுகுமலைக்கு இருபது கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். பள்ளிக்கூடத்தில் நட்சத்திரப் பாடம் நடத்துகிறேன். ஊர் டியூப்லைட்டுகளுக்கு மேலே நட்சத்திரத்தை எங்கே கண்டேன்! நல்ல இருட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

கழுகுமலைக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கினேன். என் மாணவியின் அம்மா மாரியம்மாள் தலையில் கூடை போன்ற பெரிய கூட்டைக் கவிழ்த்தபடி காத்திருந்தார். ஆடு வளர்க்கும் குடும்பம். அன்றிரவு அவர்கள் கிடையில் தங்குவதாகப் பேச்சு.

"மத்தியானம் ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்காம் டீச்சர். இருட்டுமுன்ன இந்தக் கூட்டுக்குள்ள அடைக்கலேன்னா நரி தூக்கிரும். வெரசா வாங்க."

எருவுக்காக மந்தையை ராத்திரி வயலில் நிறுத்துவதுதான் கிடை. தினமும் இடம் மாறும். குட்டிச் சேதியோடு, இன்று பாதைக்குப் பக்கத்து வயல் என்று மட்டும் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆறே முக்காலுக்குப் பொழுது விழுந்தது. மலைக்கு இந்தப் பக்கம் இரண்டு வெளிச்சங்கள். வலது பக்கம் பளீரென்று ஒன்று, இடது பக்கம் மங்கலாக ஒன்று.

"பளிச்சுன்னு தெரியுதுல்லா, அதான் பக்கம். அவிய அங்கனதான் இருப்பாவ" என்று மாரியம்மாள் வலப்பக்கம் திரும்பினார்.

எனக்குச் சுருக்கென்றது. பளிச்சென்று இருந்தால் பக்கம் என்று யார் சொன்னது?

"கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, விளக்குகளுக்குக் குறுக்கே போன வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் ஓடிப்போய் நின்று பார்த்தேன். மலையின் நடுவில் தெரிந்த மங்கல் விளக்கு இப்போது மலையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பளீர் விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

"நகர்ந்த விளக்குதான் பக்கத்துல இருக்கு. பஸ்ஸுல போகையில பக்கத்து மரந்தானே ஓடும், தூரத்து மலை ஓடாதுல்ல. இடப்பக்கம் போவோம்."

"தப்பாப் போச்சுன்னா என் குட்டி போச்சு டீச்சர்!"

"போகாது. நடங்க."

ஓடாத குறையாக நடந்தோம். கிடை அங்கேதான் இருந்தது. இரண்டு குட்டிகளையும் கூட்டால் மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்த பிறகுதான் மாரியம்மாளுக்கு மூச்சு வந்தது. அங்கே எரிந்த அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னி முழுக்கக் கரி. "இதத் துடைக்கக் கை நோவுதாக்கும்?" என்று கணவரை ஒரு வாங்கு வாங்கினார். பளீர் விளக்கு, வெகுதூரத்தில் கிணறு வெட்டுகிறவர்களின் பெட்ரோமாக்ஸாம். சற்று நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து நரி ஊளையிட்டது. மாரியம்மாள் கூட்டின் மேல் இன்னொரு கல்லை வைத்தார்.

தலைக்கு மேலே வானம் கொள்ளாத நட்சத்திரம். எல்லாவற்றிலும் பளிச்சென்றிருந்த சிரியஸ் நட்சத்திரத்தைக் காட்டி, "இது நெசமாவே நமக்குப் பக்கம்" என்றேன். கொஞ்சம் தள்ளியிருந்த ரைஜெல் நட்சத்திரம் அதைவிடச் சற்று மங்கல்; ஆனால் உண்மையில் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஒளி கொண்டது. தூரம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. நடுவில் தூசி இருந்தால் சிம்னிக் கரி மாதிரி அதுவும் தன் பங்குக்கு மங்க வைக்கும்.

"அப்போ தள்ளி நின்னு பாத்தா நச்சத்திரமும் நகருமா?" என்றார் மாரியம்மாள்.

"நகரும். ஆனா நாம நடந்தா பத்தாது. பூமி ஆறு மாசம் நம்மளத் தூக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் விடணும். அப்பவும் மயிரிழைதான்."

"ஆறு மாசமா! எங் குட்டி தாங்காது தாயே" என்று சிரித்தார்.

காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாரியம்மாள் கையில் அந்தச் சிம்னி இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு கோவில்பட்டியில் மொட்டைமாடிக்குப் போனேன். எண்ணி ஐந்தாறு நட்சத்திரங்கள். மற்றவை எங்கும் போய்விடவில்லை. டியூப்லைட் வெளிச்சம் கரியாய்ப் படிந்த எங்கள் ஊர்ச் சிம்னியைத்தான் யாரும் துடைக்கவில்லை.