சூடம் அணைத்துப் படித்த செய்தி

நனைந்த பேப்பரை அடுப்பனலில் பிடித்து உலர்த்தும்போது எழும் புளித்த மைவாசனை இன்றைக்கும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. மலையடிவாரத்துக் கிராமமான குரங்கணியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது; போடியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு நாள் பிந்தி வரும் ஒற்றைப் பேப்பர், மொக்கைச்சாமி அண்ணனின் காப்பிக் கடைக்கு ஈரமாகவே வந்து சேரும்.

மதுரையில் நான் இப்போது புரூப் திருத்தும் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியாக வந்தவர்கள். ஒருவர் சென்னையில் பி.ஏ. முடித்து நேரே உதவியாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர். ஒருவர் வருஷக்கணக்கில் அச்சுக் கோத்து, ஆசிரியரின் கிறுக்கல் தமக்கு மட்டுமே புரிந்ததால் மேலே வந்தவர். இன்னொருவர் பேப்பர் ஏஜெண்டாக இருந்து, தாம் விற்ற பேப்பருக்கே செய்தி அனுப்பத் தொடங்கியவர். நீ எப்படி வந்தாய் என்று என்னைக் கேட்டால் மழுப்பிவிடுவேன். பயந்து வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். ஆகவே கடையில் பேப்பரை உரக்கப் படிக்கும் "சோலி" என் தலையில் விழுந்தது. ஏலக்காய் விலை இறங்கினால்கூட என்மேல்தான் குறை. "நேத்து நல்லாத்தானடா படிச்சே, இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்பார் மொக்கைச்சாமி அண்ணன்.

ஒரு சனிக்கிழமை, வண்டிக்காரர் பேப்பரோடு ஒரு பேச்சையும் இறக்கிவிட்டுப் போனார். போடிமெட்டுச் சாலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போன ஜீப்பு உருண்டுவிட்டதாம், பேப்பரிலேயே போட்டிருக்கிறதாம். கடை நிறைந்துவிட்டது, அந்தப் பக்கமே வராத பெண்கள்கூட முக்காடிட்டு மழையில் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் வெள்ளையம்மா அத்தை. அவள் புருஷன் சின்னச்சாமி மாமா ஏலக்காய் பறிப்புக்காக மலைமேல் மெட்டுக்குப் போயிருந்தார். படிக்கத் தெரிந்த இன்னொருவரான வாத்தியாரோ விடுமுறைக்குப் போடிக்குப் போய்விட்டிருந்தார்.

செய்தி உள்பக்கத்து மூலையில் நாலே வரி. முதலில் கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். ஜீப் கவிழ்ந்து தொழிலாளர் மூவர் மாண்டனர், பெயர் விவரம் தெரியவில்லை என்று படித்து முடித்தேன்.

எங்கள் பக்கத்தில் சாவை நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. "மேலுக்குச் சொகமில்ல, வெரசாக் கெளம்பி வாங்க" என்று மட்டும் சொல்லி ஆள் வந்து நிற்பான். மற்றதை அந்த வீட்டு வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் தெரியவில்லை என்ற வரியையும் அத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பெயர் அங்கே இருக்கிறது, பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துப் பையன் மறைக்கிறான் என்பது அவள் கணக்கு.

"அப்பு, பேர மறைக்காத. நான் தாங்கிக்கிறேன், படி."

"இல்லத்தே, போடல."

"மூணு பேரு செத்தது தெரிஞ்சவனுக்கு, பேரு தெரியாமயா போகும்?"

திரும்பத் திரும்பப் படித்தேன். என் கை நடுங்கியதே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஒருவர் பேப்பரைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பாவைப் பார்த்தேன். மகன் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், அன்று என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சந்தேகம். பெற்ற தகப்பனே, மகன் சொல்வது மெய்யா என்று அறிய வழியில்லாமல் நிற்பதைக் கண்ட அந்தப் பயம் போல வேறொரு பயத்தை நான் அறிந்ததில்லை.

"சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும்" என்றாள் அத்தை.

சின்னப் பயலையா என்று யாரோ முனகினார்கள். அப்பா தடுக்கவில்லை. மொக்கைச்சாமி அண்ணன் சாமி படத்தடியிலிருந்து சூடத்தை எடுத்துப் பலகைமேல் வைத்து ஏற்றினார். பொய்ச் சத்தியம் செய்தால் கண் அவிந்துவிடும் என்று நம்பிய ஊர் அது. நான் எதையும் மறைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பேப்பர் மடிப்பில் சில எழுத்துகள் மழையில் கரைந்திருந்தனவே, பெயர்கள் அங்கே இருந்திருந்தால்? சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

"போட்டதைத்தான் படிச்சேன்."

அத்தை நம்பினாள். நம்பிய பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். மறைக்கிறார்கள் என்று நினைத்தவரை, யாருக்காவது தெரியும் என்ற பிடியாவது இருந்தது. அந்த மழையிலேயே அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு விசாரிக்கப் போடிக்கு நடந்தார்.

மறுநாள் பொழுது சாய, இருவருக்கும் பின்னால் சின்னச்சாமி மாமாவும் சேற்றுக்காலோடு வந்தார். ஜீப்பில் இடமில்லாததால் நடந்தே மெட்டேறியவராம். அத்தை தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, அந்த மூணு பேரு யாருடா?"

அடுத்தடுத்து வந்த பேப்பர்களில் தேடினேன். ஏலக்காய் விலை இருந்தது, மழைச் சேதம் இருந்தது, அவர்கள் இல்லை. இப்போதும் பெயர் தெரியவில்லை என்று புரூப்பில் வந்தால் எழுந்துபோய் உதவியாசிரியரிடம் கேட்கிறேன். எழுத்துப் பிழையை மட்டும் பார் என்கிறார். கேட்பதை நான் விடவில்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பேப்பரை உரக்கப் படிக்கும் வழக்கம் ஒழிந்து, கடையில் ஒரு ரேடியோப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வடக்கே எங்கோ வெள்ளத்தில் பலர் மாண்டதாக அது தெளிவான குரலில், நடுக்கமே இல்லாமல் சொன்னது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் "த்சு" கொட்டிவிட்டு டம்ளரை வைத்து எழுந்தார்கள். அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.